ஆசிரியர் மாதக்கணக்கில் விடுப்பில் போனால் பாடம் எப்படி நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகப்பேறு, அறுவை சிகிச்சை, விபத்து, வீட்டில் ஒருவரை உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை, மேற்படிப்பு. ஓர் ஆசிரியர் நீண்ட நாள் பள்ளிக்கு வராமல் இருக்க இப்படிப் பல காரணங்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் அவருடைய வகுப்பு மறுநாள் காலை வழக்கம்போல வந்து உட்கார்ந்துவிடும். கால அட்டவணை போடும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அப்போது பெற்றோரும் சக ஆசிரியர்களும், விடுப்பில் போனவருக்குப் பதில் ஆசிரியராகப் புதிதாக வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும். அந்த வகுப்புகள் வீணாகப் போவதை அருகிலிருந்து பார்த்தவருக்கு ஒட்டாமல் எழுத வராது.

எத்தனை நாள் போனால் அது 'நீண்ட விடுப்பு'?

எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. பிரான்சில் 2005ஆம் ஆண்டு வந்த ஓர் ஆணை 15 நாளைக் கோடாக வைத்தது. அதுவரையிலான விடுப்பை நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகள் தங்களுக்குள்ளேயே சமாளிக்க வேண்டும். அதைத் தாண்டினால் மாற்று ஆள் அனுப்புவது கல்வி நிர்வாகத்தின் பொறுப்பு. சில பள்ளிகள் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்கின்றன, சில ஒரு மாதம் என்று.

நான் பயன்படுத்திய அளவுகோல் வேறு. ஆசிரியர் திரும்பி வருவதற்குள் நடந்துகொண்டிருக்கும் பாடம் முடிந்து அடுத்த பாடம் தொடங்க வேண்டி வருமா? வரும் என்றால் அது நீண்ட விடுப்பு. நான்கைந்து நாள் என்றால் பழைய பாடத்தைத் திருப்பிப் பார்க்கலாம், கணக்குகள் போட வைக்கலாம், விட்டுப்போன குறிப்புகளை எழுத வைக்கலாம். புதிய பாடம் தொடங்கும் நாளில் கற்பிக்கத் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தாக வேண்டும்.

ஆசிரியர் வராத முதல் நாளிலிருந்து பள்ளியில் என்னதான் நடக்கிறது?

காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, யார் யாருக்கு எந்தப் பீரியடு ஓய்வு என்று தேடி, ஒரு தாளில் பதில் ஏற்பாட்டை எழுதி ஸ்டாஃப் ரூமில் ஒட்டுவார்கள். அன்றைக்கு ஓய்வாக இருப்பவர் அந்த வகுப்புக்குப் போவார். வரலாறு எடுப்பவர் கணித வகுப்பில் இருப்பார், உடற்கல்வி ஆசிரியர் வேதியியல் வகுப்பில் இருப்பார். பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. ஒரு வாரம்வரை இது போதும்.

அடுத்த கட்டத்தில் அதே பாடத்தை எடுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கு வகுப்புகளைப் பிரித்துக் கொடுத்து அட்டவணையையே மாற்றுவார்கள். மூன்றாவது கட்டத்தில் வெளியிலிருந்து தற்காலிக ஆசிரியர் வருவார். முன்கூட்டியே தெரிந்த விடுப்பு என்றால் நேராக மூன்றாவது கட்டத்துக்கே போய்விடலாம், போக வேண்டும். மகப்பேறு விடுப்பு யாருக்கும் திடீரென்று வருவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வாரம் மகப்பேறு விடுப்பு தரச் சொல்கிறது. இந்தியாவில் 2017 சட்டத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. இது பாதி ஆண்டு. மாதங்களுக்கு முன்பே தெரிந்த பாதி ஆண்டுக்கு ஆள் தேடும் வேலையை, ஆசிரியர் விடுப்பில் போன மறுநாள் தொடங்குகிற பள்ளிகளும் இருக்கின்றன. அந்தத் தாமதத்துக்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இருக்கிற ஆசிரியர்களே கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்ள முடியாதா?

முடியும் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டுப் பீரியடு, மொத்தம் 40. ஓர் ஆசிரியருக்கு 28 பீரியடு வகுப்பு. அவர் விடுப்பில் போய், அந்த 28ஐ அதே துறையில் உள்ள நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஏழு கூடும். 28 என்பது 35 ஆகிவிடும். மிஞ்சுவது நாளுக்கு ஒரே ஒரு பீரியடு. அதில்தான் நோட்டுத் திருத்த வேண்டும், பாடக்குறிப்பு எழுத வேண்டும், பெற்றோர் வந்தால் பேச வேண்டும், நாளைய பாடத்துக்குத் தயாராக வேண்டும்.

அதோடு முடியாது. கூடுதலாக வந்த பிரிவில் 40 பிள்ளைகள் என்றால் 40 நோட்டு, 40 விடைத்தாள். அட்டவணையில் பீரியடுதான் தெரியும், நோட்டுக்கட்டு தெரியாது. வேலை வீட்டுக்குப் போகும். இரண்டாவது மாதத்தில் அந்த நால்வரில் ஒருவர் காய்ச்சலில் படுப்பார், அப்போது மீதி மூவர் தலையில் எல்லாம் விழும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவருடைய விடுப்பைச் சமாளிக்கப் போய் அவர் நடத்திய பிரிவுகளோடு மற்ற நான்கு பேருடைய பிரிவுகளும் சேர்ந்து மெலிந்துபோகும்.

இங்கிலாந்தில் ஆசிரியர்களின் பணி நிபந்தனைகளில் 2009 செப்டம்பரில் ஒரு மாற்றம் வந்தது. வராத சக ஆசிரியருக்காக வகுப்புக்குப் போவது அரிதாகவே நடக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே கணிக்க முடியாத சூழ்நிலைகளில் மட்டும் என்பது விதி. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2005இல், கற்பிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தயாரிப்புக்கும் திருத்தலுக்கும் ஒதுக்கி வைக்கும் விதி வந்திருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு வகுப்புக்கு அனுப்பக் கூடாது. ஓய்வுப் பீரியடு என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது வேலை நேரம்தான் என்பதை அங்கே எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

என் அனுபவத்தில் ஆறு வாரத்துக்கு மேல் போகிற எந்த விடுப்பையும் உள்ளிருந்தே சமாளிக்கத் திட்டமிடக் கூடாது. அதற்குக் குறைவாக இருந்தாலும், கூடுதல் பீரியடு எடுப்பவரைக் கண்காணிப்பு வேலை, விழாப் பொறுப்பு, ஆவண வேலை ஆகியவற்றிலிருந்து விடுவித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் ஆள் எங்கிருந்து கிடைப்பார்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், படிப்பை முடித்துவிட்டு நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர், குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டிருந்தவர், பகுதிநேரமாக இன்னொரு பள்ளியில் எடுப்பவர். பெரும்பாலும் இந்த நால்வரில் ஒருவர். ஓய்வுபெற்றவருக்குப் பாடம் கைவந்திருக்கும், ஆனால் பாடத்திட்டம் மாறியிருக்கலாம். இளைஞருக்குப் புதிய பாடத்திட்டம் தெரியும், ஆனால் நடுவில் நிரந்தர வேலை கிடைத்தால் கிளம்பிவிடுவார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

சில இடங்களில் இதற்கென்றே நிரந்தர ஆசிரியர்களை வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 'நகரும் இருப்பு' என்ற பெயரில் ஒரு தொகுப்பு ஆசிரியர்கள் உண்டு. எந்தப் பள்ளியில் நீண்ட விடுப்பு வருகிறதோ அங்கே அனுப்பப்படுவார்கள். பிரான்சிலும் ஒரு வட்டாரத்துக்கு என்று மாற்று ஆசிரியர்கள் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள். ஜப்பான் 1955லேயே, ஆசிரியைகளின் மகப்பேற்றுக் காலத்தில் மாற்று ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டுவிட்டது. இந்த முறைகளில் எனக்குப் பிடித்தது, மாற்று ஆசிரியரும் ஓர் ஆசிரியர்தான், அவருக்கும் பணிப் பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணம். நாள் கூலிபோல எண்ணி வைக்கப்படுகிறவர் அடுத்த மாதத்துக்குப் பாடம் திட்டமிடுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பள்ளி தன் அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு மூன்று பேரின் பெயரை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவைப்பது. அவசரம் வந்த பிறகு தேடினால் யார் காலியாக இருக்கிறாரோ அவர்தான் கிடைப்பார்.

அந்தப் பாடத்துக்கு ஆளே கிடைக்கவில்லை என்றால்?

இயற்பியல், கணிதம், கணினி போன்றவற்றில் இது அடிக்கடி நடக்கும். அப்போது காலியான இடத்தில் நேராக ஆளை வைக்க முயலாமல், இடத்தை நகர்த்த வேண்டும். பொதுத்தேர்வு வகுப்பின் இயற்பியல் ஆசிரியர் விடுப்பில் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் எடுக்கும் இயற்பியல் பட்டதாரியைத் தேர்வு வகுப்புக்கு ஏற்றிவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு வெளியாளைத் தேடலாம். பொது அறிவியல் எடுக்க ஆள் கிடைப்பது எளிது. கொஞ்சம் அட்டவணை வேலைதான், ஆனால் பலன் பெரியது.

இதிலும் ஓர் எச்சரிக்கை. தேர்வு வகுப்பைக் காப்பாற்ற ஒவ்வொரு முறையும் கீழ்வகுப்பையே விட்டுக்கொடுத்தால், ஒரே பிரிவுப் பிள்ளைகள் மூன்று ஆண்டுகளில் மூன்று முறை அடிபடுவார்கள். எந்தப் பிரிவு எந்த ஆண்டில் எத்தனை வாரம் சரியான ஆசிரியர் இல்லாமல் இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து வந்தேன். அடுத்த முறை முடிவெடுக்கும்போது அந்த நோட்டைத்தான் முதலில் எடுப்பேன்.

பாட வரிசையை மாற்றுவதும் உதவும். வரும் பதில் ஆசிரியருக்கு எது நன்றாக வருமோ அதை முன்னால் இழுத்துக்கொள்ளலாம். அதற்கு முன், மாற்றப்போகும் பாடம் வேறு எதையாவது அடிப்படையாகக் கொண்டதா என்று பார்க்க வேண்டும். முக்கோணவியலுக்கு முன்னால் வடிவொத்த முக்கோணங்கள் முடிந்திருக்க வேண்டும். அதை மாற்றிவைத்தால் பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்வார்கள், புரியாது.

பதிவு செய்த காணொலிப் பாடங்களைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். போடலாம், பக்கத்தில் சந்தேகம் தீர்க்கத் தெரிந்த ஒருவர் வாரத்துக்கு இரண்டு பீரியடாவது இருந்தால்.

இரண்டு பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்து உட்கார வைக்கலாமா?

ஒன்றிரண்டு நாளுக்குச் சரி. 80 பேருக்குச் சொற்பொழிவு கொடுக்கலாம், நோட்டுப் பார்க்க முடியாது. கடைசி வரிசைப் பிள்ளை என்ன எழுதுகிறது என்று மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

விடுப்பில் இருக்கும் ஆசிரியர் வீட்டிலிருந்து பாடக்குறிப்பு அனுப்ப வேண்டாமா?

வேண்டாம். உடம்பு சரியில்லை என்று படுத்திருப்பவரிடமும், பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆனவரிடமும் 'ஒரு நிமிஷம்தான், அந்த வினாத்தாள் எங்கே இருக்கிறது?' என்று செய்தி அனுப்புவது தவறு. அனுப்புகிறவர் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறார். ஆனால் ஐந்து பேர் ஆளுக்கொரு நிமிஷம் கேட்டால் அவருக்கு விடுப்பே இருக்காது. விடுப்பில் இருப்பவரின் வேலை குணமாவது, குழந்தையைப் பார்ப்பது. அதற்காகத்தான் விடுப்பு.

இதற்கு மாற்று, போவதற்கு முன்பே வாங்கிவைத்துக்கொள்வது. எதிர்பாராத விடுப்புக்கு, ஒரே பாடத்தை எடுப்பவர்கள் பாடத்திட்டத்தையும் வினாத்தாள்களையும் மதிப்பெண் பதிவையும் முதலிலிருந்தே பொது இடத்தில் வைத்திருக்கும் பழக்கம். ஒருவருடைய அலமாரிச் சாவியிலும் ஒருவருடைய கைப்பேசியிலும் வகுப்பின் மொத்த விவரமும் பூட்டிக் கிடந்தால், அவருக்கு உடம்பு சரியில்லாத அன்றுதான் அது நமக்குத் தெரியவரும்.

எதையாவது கேட்டே ஆக வேண்டும் என்றால் ஒருவர் மட்டும், தலைமையாசிரியருக்குத் தெரிந்து, விடுப்பில் இருப்பவர் சம்மதித்த நேரத்தில் கேட்கட்டும்.

சரி, பதில் ஆசிரியருக்குத் தரும் ஒப்படைப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான் என்பேன். பெரும்பாலும் கிடைப்பது ஒரு பாடப் பட்டியலும் 'நாலாவது பாடம் பாதி முடிந்தது' என்ற ஒரு வரியும். பதில் ஆசிரியருக்கு அது கிட்டத்தட்ட எதையும் சொல்லாது. பாதி என்றால் எந்தப் பாதி? நடத்தியாகிவிட்டதா, கணக்குப் போட்டாயிற்றா, நோட்டுத் திருத்தியாயிற்றா?

நான் கேட்டு வாங்கிய விவரங்களைச் சொல்கிறேன். முதலாவது, எந்தப் பக்கத்தில் எந்தக் கணக்குவரை போயிருக்கிறது என்பது, பிரிவு வாரியாக. இரண்டாவது, எந்த முறையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்பது. இதைப் பலர் விட்டுவிடுவார்கள். சமன்பாட்டைத் தீர்க்க ஒருவர் 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று சொல்லிக்கொடுத்திருப்பார். வருகிறவர் 'இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கழி' என்பார். இரண்டும் சரி. ஆனால் பாதி வழியில் மாற்றினால், புரிந்திருந்த பிள்ளையும் குழம்பிப்போகும். ஒளியியலில் எந்தத் தூரத்துக்குக் கூட்டல் குறி, எதற்குக் கழித்தல் குறி என்ற மரபு, இலக்கணத்தில் பயன்படுத்திய வாய்பாடு, வரைபடத்துக்கு எடுத்துக்கொண்ட அளவுத்திட்டம் எல்லாமே இந்த வகை.

மூன்றாவது, பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்பது. பின்னத்தில் தடுமாறுகிற பத்துப் பேர் யார் என்று எழுதிக் கொடுத்தால் வருகிறவருக்கு ஒரு மாதம் மிச்சம். நான்காவது, பிள்ளைகளைப் பற்றிய நடைமுறை விவரங்கள்: யாருக்குப் பார்வைக் குறைவு, யார் முன்வரிசையில் இருக்க வேண்டும், யாருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, யார் அருகருகே உட்கார்ந்தால் வகுப்பு நடக்காது. மருத்துவ விவரங்களும் வீட்டு விவரங்களும் தேவையான அளவுக்கு மட்டும், எல்லோர் கண்ணிலும் படுகிற தாளில் வேண்டாம். ஐந்தாவது, இதுவரை வைத்த தேர்வுகளின் மதிப்பெண், திருத்தாமல் இருக்கும் கட்டு, வாக்குக் கொடுத்திருந்த எதுவும். 'அடுத்த வாரம் உங்களை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போகிறேன்' என்று சொல்லியிருந்தால் அதையும் எழுத வேண்டும். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

எழுதிக் கொடுப்பதைவிட உடன் இருப்பது நல்லது. விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் இரண்டு மூன்று நாள் பதில் ஆசிரியர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, கடைசி நாள் பாதிப் பீரியடை அவரே எடுத்துவிட வேண்டும். பழைய ஆசிரியரே கையைப் பிடித்து அறிமுகம் செய்துவைத்ததுபோல ஆகும். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சம்பளம் தர நிர்வாகம் தயங்கும். அந்த மூன்று நாளுக்காக நான் ஒவ்வொரு முறையும் வாதாடியிருக்கிறேன். கிடைத்த முறைகளில் புதியவர் முதல் வாரமே பாடத்தில் இறங்கினார். கிடைக்காத முறைகளில் வகுப்பைத் தெரிந்துகொள்ளவே அவருக்கு மூன்று வாரம் ஆனது.

ஆசிரியர் இல்லாததால் படிப்பு எவ்வளவு பாதிக்கும்? ஆராய்ச்சி ஏதாவது உண்டா?

உண்டு. அமெரிக்காவில் ஒரு நகரப் பள்ளி மாவட்டத்தைப் பற்றி மில்லர், மர்னேன், வில்லெட் ஆகிய மூவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர் பத்து நாள் வராமல் இருந்தால் கணித மதிப்பெண்ணில் அளவிடக்கூடிய சரிவு இருப்பது தெரிந்தது. சரிவு சிறியதுதான். நியூயார்க் நகரப் பள்ளிகளின் விவரங்களை வைத்து ஹெர்மன், ராக்காஃப் இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. விடுப்பு நீளமாக ஆக, ஒரு நாளுக்கு ஏற்படும் இழப்பு குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். கேட்டதும் தலைகீழாகத் தோன்றும். அவர்கள் சொன்ன காரணம், நீண்ட விடுப்பு என்றால் பள்ளி மெனக்கெட்டு நல்ல ஆளைத் தேடுகிறது. வந்தவரும் நாள்பட வகுப்பைக் கற்றுக்கொள்கிறார்.

எனக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. தேடிப் பிடித்த ஒருவரையே தொடர்ந்து அந்த வகுப்பில் வைத்திருந்தால் இழப்பைக் குறைக்க முடியும் என்று பொருள். வாரத்துக்கு ஒரு முகமாக மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் நாள்தான். ஒருவர் பாடத்தில் சுமாராக இருந்தாலும் அவரே மூன்று மாதமும் வரட்டும், துறைத் தலைவர் பக்கத்தில் இருந்து உதவட்டும் என்பதுதான் என் பரிந்துரை.

செய்முறை வகுப்புகள், மதிப்பெண்கள் யார் பொறுப்பு?

ஆய்வகப் பயிற்சி இல்லாதவரை நம்பி அமிலத்தையும் அடுப்பையும் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. தகுதியுள்ள இன்னொருவரின் பீரியடோடு மாற்றிக்கொண்டு, செய்முறையை அவர் எடுக்க, அவருடைய எழுத்துப் பாடத்தைப் பதில் ஆசிரியர் எடுக்கலாம். பட்டறை, விளையாட்டுப் பயிற்சி, நீச்சல் எல்லாவற்றுக்கும் இதே விதி.

அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பதில் ஆசிரியர் தனியாக முடிவு செய்யாமல், துறையில் மூத்த ஒருவர் பத்து விடைத்தாளையாவது கூடவே திருத்திப் பார்ப்பது நல்லது. பழையவர் தாராளமாகப் போட்டவர், புதியவர் கறாரானவர் என்றால் பாதிக்கப்படுவது பிள்ளை. மதிப்பெண் பதிவில் எந்தத் தேதியிலிருந்து யார் போட்டது என்ற குறிப்பும் இருக்கட்டும்.

பெற்றோராக நான் பள்ளியிடம் எதைக் கேட்கலாம்?

ஆசிரியருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கேட்க வேண்டாம். அது அவருடைய சொந்த விஷயம், பள்ளி சொல்லவும் கூடாது. மற்றதெல்லாம் தாராளமாகக் கேட்கலாம். இனி யார் எடுக்கிறார், எந்தத் தேதியிலிருந்து, அந்தப் பாடத்தைப் படித்தவரா, எத்தனை நாளுக்கு இந்த ஏற்பாடு, தேர்வுக்கு முன் பாடங்களை முடிக்க என்ன திட்டம், வகுப்பாசிரியர் பொறுப்பு யாரிடம் போகிறது.

பிள்ளையின் நோட்டைப் பாருங்கள். இரண்டு வாரமாகப் புதிய தேதி எதுவும் இல்லை என்றால் அந்தப் பீரியடில் பாடம் நடக்கவில்லை. 'ஆள் இருக்கிறார்' என்று பள்ளி சொன்னாலும், நோட்டை எடுத்துக்கொண்டுபோய் மரியாதையாகக் காட்டுங்கள். அதை யாராலும் மறுக்க முடியாது. தனித்தனியாகப் போவதைவிட, நான்கைந்து பெற்றோர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் தலைமையாசிரியருக்கும் உதவி. மேலிடத்தில் ஆள் கேட்க அவர் கையில் ஒரு தாள் இருக்கும்.

'பழைய டீச்சர் மாதிரி இல்லை' என்று என் பிள்ளை சொல்கிறான். என்ன செய்வது?

உண்மைதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிடித்த ஆசிரியர் திடீரென்று காணாமல் போனால் பிள்ளைக்கு வருத்தம் இருக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தங்களால்தான் போய்விட்டாரோ என்றுகூட நினைப்பார்கள். எப்போது திரும்புவார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தேதி சொல்லாதீர்கள். புதியவரைப் பற்றி வீட்டில் குறைசொல்லிப் பேசினால், மறுநாள் வகுப்பில் அவர் சொல்வது பிள்ளையின் காதில் ஏறாது. மூன்று வாரம் போகட்டும். அதற்குப் பிறகும் 'எதுவும் புரியவில்லை' என்றால் எந்தப் பாடம், எந்த இடம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து கண்டுபிடித்து, அதை மட்டும் புதிய ஆசிரியரிடமே கேளுங்கள்.

பதில் ஆசிரியராகச் சேரப்போகிறேன். முதல் வாரம் எப்படி இருக்க வேண்டும்?

முதல் பீரியடிலேயே ஒரு சிறிய தேர்வு வையுங்கள், மதிப்பெண் போடாமல். எங்கே நிற்கிறார்கள் என்று ஒப்படைப்புத் தாள் சொல்வதும் பிள்ளைகளின் விடைகள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. பெயர்களைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள். இருக்கை வரைபடம் ஒன்று மேசையில் இருந்தால் இரண்டே நாளில் வந்துவிடும். 'நான் கொஞ்ச நாளைக்குத்தான்' என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்ன அன்றே வீட்டுப்பாடம் வருவது நின்றுவிடும். பழைய ஆசிரியரின் விதிகளை முதல் மாதம் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் ஒன்றிரண்டு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

சேரும் முன் பள்ளியிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்தத் தேதிவரை, எத்தனை பீரியடு, விடுமுறை நாள்களுக்குச் சம்பளம் உண்டா, பழைய ஆசிரியர் முன்கூட்டியே திரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு.

சொன்ன தேதியில் ஆசிரியர் திரும்பி வரவில்லை, விடுப்பு நீண்டுகொண்டே போகிறது. என்ன செய்யலாம்?

மருத்துவ விடுப்பில் இது சகஜம். மருத்துவர் இரண்டு வாரம் என்று சான்று தருவார், பிறகு இன்னும் இரண்டு வாரம், அப்புறம் மீண்டும் இரண்டு. ஒவ்வொரு முறையும் பள்ளி 'இரண்டு வாரம்தானே' என்று ஓய்வுப் பீரியடு ஆசிரியர்களை அனுப்பிச் சமாளிக்கும். நான் பொறுப்பில் இருந்த ஓர் ஆண்டு கணிதத்தில் இப்படித்தான் மூன்று முறை நீண்டது. எட்டு வாரம், வாரத்துக்கு ஆறு பீரியடு, 48 பீரியடு போய்விட்டது. முதல் நாளே 'எட்டு வாரம்' என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றே ஆள் தேடியிருப்பேன். யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவில்லை. நான்தான் இரண்டாவது நீட்டிப்பிலேயே விழித்திருக்க வேண்டும். அந்தப் பிரிவு ஆண்டிறுதியில் இயற்கணிதத்தில் திணறியதைப் பார்த்தபோது மனம் மிகவும் கஷ்டப்பட்டது.

அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். முதல் நீட்டிப்புக் கடிதம் வந்த அன்றே தற்காலிக ஆசிரியருக்கான கோரிக்கை போய்விடும். ஒரு பருவம் முழுக்க என்று எடுத்துக்கொண்டு ஆளைக் கொண்டுவருவேன். ஆசிரியர் முன்னதாகவே திரும்பிவிட்டால் இரண்டு பேர் இருப்பார்கள். பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க அந்தக் கூடுதல் ஆள் போதும்.

ஆசிரியர் திரும்பி வரும்போது?

அவருக்கும் ஓர் ஒப்படைப்பு வேண்டும், அதே ஐந்து விவரங்களோடு, இந்த முறை பதில் ஆசிரியர் எழுதியது. அவர் இல்லாத மாதங்களில் பிள்ளைகள் மாறியிருப்பார்கள், சிலர் புதியவரோடு நன்றாக ஒட்டிக்கொண்டிருப்பார்கள். திரும்பி வருபவருக்கு அது கொஞ்சம் வலிக்கும். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் திரும்புகிறார் என்றால், தேர்வு வகுப்பைப் பதில் ஆசிரியரிடமே விட்டுவைத்து, மற்ற வகுப்புகளை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வது பல நேரம் நல்ல முடிவு.

நோயிலிருந்து எழுந்து வருபவர் என்றால் முதல் நாளே 28 பீரியடும் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பாதி, மீதியைப் பதில் ஆசிரியர். மாடிப்படி ஏறும் வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். தொண்டை அறுவை சிகிச்சை முடிந்து வருபவருக்கு அடுத்தடுத்து மூன்று பீரியடு போடாதீர்கள். பதில் ஆசிரியரின் கடைசி நாளன்று, பிள்ளைகள் அவருக்கு நன்றி சொல்ல ஒரு பீரியடில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பல பள்ளிகளில் அவர் வெள்ளிக்கிழமை மாலை சத்தமில்லாமல் போய்விடுவார். திங்கள் காலை 'அவங்க எங்க போனாங்க?' என்று பிள்ளைகள் கேட்பார்கள்.